தயிரில் கலந்த குளிசை

தவமலர்: மெல்லக் கதையும் கிரிஜா. முன் அறைக் கதவு திறந்து கிடக்கு.

கிரிஜா: மெல்லத்தான் கதைக்கிறன் மச்சாள். நீங்கள் குத்திற சத்தத்தைவிடவே?

தவமலர்: இந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். பின்னேரம் ஆச்சுதெண்டால் இது கேக்கவேணும். கேக்காட்டித்தான் கூப்பிடுவார்.

கிரிஜா: உது ஏலக்காய் இடிக்கிற உரல்தானே?

தவமலர்: ஓம். இப்ப குளிசை இடிக்க மட்டும்தான். முழுசாய் விழுங்கேலாது அவருக்கு. கோடை துடங்கேக்கை ஒருக்கால் தண்ணியோடை குடுக்க, புரைக்கேறி முகமெல்லாம் நீலமாய்ப் போச்சுது. அண்டையிலையிருந்து பொடியாக்கித் தயிரிலை கலந்து தீத்திறன். தயிர் எண்டால் வழுக்கிக்கொண்டு போயிடும்.

கிரிஜா: இவ்வளவு கடுமை எண்டு நீங்கள் போனிலை சொல்லேல்லையே.

தவமலர்: என்னத்தைச் சொல்ல?

கிரிஜா: கழுத்து நிக்குதில்லை மச்சாள். ஜனவரியிலை நான் வந்தபோது ரெண்டு தடியோடை எண்டாலும் வாசல் மட்டும் நடந்து வந்து, "வாடி டோட்முண்ட்" எண்டு என்ரை ஜேர்மன் ஊரின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். இண்டைக்கு என்னை நிமிந்து பாக்க அந்தப் பட்டியைக் கழுத்திலை...

தவமலர்: அழாதையும். உந்த முகத்தோடை உள்ளுக்குப் போகக்கூடாது.

கிரிஜா: சொந்த அண்ணையைப் பாத்து அழவும் கூடாதோ?

தவமலர்: அழலாம். குளிக்கிற அறைக்குள்ளை போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழும். நான் அப்பிடித்தான். இந்தாரும், துவாய்.

கிரிஜா: விடுங்கோ. நீங்கள் கொஞ்சம் இருங்கோ, நான் இடிக்கிறன். இந்தப் பெட்டிதானே? ரிலுசோல்... ஓம். ஒரு நாளைக்கு எத்தினை?

தவமலர்: காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. சாப்பாட்டுக்கு முந்தி. நீர் வையும் அதை, நான் செய்யிறன்.

கிரிஜா: ஒரு குளிசை இடிக்க எனக்குத் தெரியாதே... இதென்ன மச்சாள்?

தவமலர்: எது?

கிரிஜா: இது மஞ்சளாயெல்லோ இருக்கு.

தவமலர்: தாரும் இஞ்சை.

கிரிஜா: அண்ணையின்ரை குளிசை வெள்ளை. ஜனவரியிலை நிண்ட கிழமை முழுக்க நான்தானே எடுத்துக் குடுத்தனான். வெள்ளையாய், நீட்டாய்... ஐயோ, பெட்டி மாறிப்போச்சோ? பிழையான மருந்தைக் குடுத்துப்போடாதேங்கோ.

தவமலர்: பிழையில்லை.

கிரிஜா: பெட்டியிலை ஒண்டு எழுதிக் கிடக்கு, உள்ளுக்கை வேறை ஒண்டு...

தவமலர்: பிழையில்லை எண்டுறன். அந்தக் கதவைச் சாத்தும்.

கிரிஜா: ம். சாத்தியாச்சு.

தவமலர்: அது விற்றமின்.

கிரிஜா: விளங்கேல்லை.

தவமலர்: ஈலிங் றோட்டிலை பார்மசியிலை வாங்கின விற்றமின் குளிசை. ஒண்டும் செய்யாது. நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

கிரிஜா: அப்ப அண்ணையின்ரை மருந்து?

தவமலர்: நிப்பாட்டியாச்சு.

கிரிஜா: ஆர் நிப்பாட்டினது? நீங்களோ?

தவமலர்: எனக்கென்ன விசரே? டொக்டர்தான். அந்த மருந்து ஈரலைத் தாக்கும் எண்டு முதலே சொன்னவை. அதுதான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாக்கிறவை. ஈலிங் அம்மன் தேர் முடிஞ்ச கிழமை போன் வந்தது. ரத்தத்தைப் பாத்தால் ஈரல் மோசமாய்ப் போகுதாம். உடனை நிப்பாட்டுங்கோ, இனித் துடங்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டினம்.

கிரிஜா: வேறை மருந்து தருவினம்தானே?

தவமலர்: வேறை இல்லை பிள்ளை. இந்த நரம்பு வருத்தத்துக்கு உலகத்திலை இருக்கிறது அது ஒண்டுதான். அதுவும் சுகமாக்கி மாத்திற மருந்தில்லை. போறதைக் கொஞ்சம் மெல்லப் போகப் பண்ணும், அவ்வளவுதான்.

கிரிஜா: அண்ணைக்கு இது தெரியாது?

தவமலர்: தெரியாது.

கிரிஜா: எப்பிடித் தெரியாமல் போகும்?

தவமலர்: போன் என்ரை கையிலைதானே வந்தது. அவருக்கு இங்கிலீசு வராது எண்டு ஆஸ்பத்திரிக்காரர் எல்லாம் என்னோடைதான் கதைக்கிறவை. அவை சொல்லுறதை நான் தமிழிலை அவருக்குச் சொல்லுவன். அவர் சொல்லுறதை இங்கிலீசிலை அவைக்குச் சொல்லுவன். நடுவிலை நிக்கிறது நான் ஒராள்தான்.

கிரிஜா: துஷ்யாவுக்கு?

தவமலர்: அவள் லீட்ஸிலை இருந்து படிக்கிறாள். அவளுக்கு ஏன்? தகப்பன் மருந்து எடுக்கிறார் எண்ட நினைப்போடை படிக்கட்டும்.

கிரிஜா: மச்சாள், குறை நினையாதேங்கோ. அண்ணையிட்டைச் சொல்லியிருக்கவேணும். அது அவற்றை உடம்பு.

தவமலர்: எனக்குத் தெரியாதெண்டோ சொல்லுறீர்?

கிரிஜா: பேந்து ஏன் சொல்லேல்லை?

தவமலர்: உமக்கு மே மாதக் கதை தெரியாது. வன்னியிலை எல்லாம் முடிஞ்ச கிழமை. அவர் வாயைத் திறக்க மாட்டன் எண்டிட்டார். குளிசையைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிறார். "அங்கை எங்கடை சனம் பனடோல் ஒண்டுக்கு வழியில்லாமல் செத்துது. எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டோ" எண்டு கேட்டார். நாலஞ்சு நாள் மருந்தே இல்லை.

கிரிஜா: ம்...

தவமலர்: நான் காலைப் பிடிச்சனான் கிரிஜா. மெய்யாய்க் காலைப் பிடிச்சனான். எனக்காக எடுங்கோ, துஷ்யாவுக்காக எடுங்கோ, நீங்கள் எடுக்காட்டி நானும் சாப்பிடமாட்டன்... என்னென்னவோ சொல்லி, கடைசியிலை வாயைத் திறந்தார். ஓகஸ்ட்டிலை அதே நான் போய், "மருந்து போதும், நிப்பாட்டுங்கோ" எண்டு எந்த வாயாலை சொல்லுறது?

கிரிஜா: விளங்குது.

தவமலர்: போன் வந்த அண்டைக்குப் பின்னேரம் வழமைபோலை "எங்கை மருந்து" எண்டு கேட்டார். கை தானாய் விற்றமின் போத்தலை எடுத்துது. அண்டைக்கு ஒருநாளைக்கு எண்டுதான் நினைச்சனான்.

கிரிஜா: சரி. நடந்தது நடந்துபோச்சு. ஏன் இப்ப எனக்குச் சொல்லுறியள்? நான் கண்டுபிடிச்சதாலையோ?

தவமலர்: இல்லை. கண்டுபிடிக்காட்டியும் சொல்லத்தான் இருந்தனான். அதுக்குத்தான் லீவெடுத்துக்கொண்டு வாரும் எண்டு கேட்டனான்.

கிரிஜா: என்ன நடந்தது?

தவமலர்: போன கிழமை நேர்ஸ் போன் எடுத்தவ. நாளைக்குக் கிளினிக்கிலை தமிழ் தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி இருப்பாவாம். இனிமேல் நான் நடுவிலை நிண்டு சொல்லத் தேவையில்லையாம்.

கிரிஜா: ஐயோ.

தவமலர்: டொக்டர் முதல் கேக்கப்போறதே, "மருந்து நிப்பாட்டினதுக்குப் பிறகு எப்பிடி இருக்கிறியள்" எண்டுதான். அந்தப் பிள்ளை அப்பிடியே தமிழிலை சொல்லும். இவர் அந்த வீல்செயரிலை இருந்து என்னைத் திரும்பிப் பாப்பார்... திரும்பவும் ஏலாது அவருக்கு. கண்ணை மட்டும் திருப்புவார்.

கிரிஜா: அதுக்கு முதல் வீட்டிலை வச்சே சொல்லவேணும்.

தவமலர்: அதைத்தான் சொல்லுறன். நீர் சொல்லும்.

கிரிஜா: நானோ?

தவமலர்: நீர் கூடப்பிறந்தவள். உம்மோடை கோவிக்கமாட்டார். இப்ப நான் புட்டு அவிக்கப்போறன். நீர் போய் அவரோடை இருந்து... மெல்லமாய்...

கிரிஜா: எனக்குப் பயமாயிருக்கு மச்சாள்.

தவமலர்: எனக்குத் தேர் முடிஞ்ச நாளிலையிருந்து பயமாயிருக்கு. போம்.

*

பரமேஸ்வரன்: என்ன... குசினிக்கை... மாநாடோ?

கிரிஜா: சமையல் கதை அண்ணை.

பரமேஸ்வரன்: கதவைச் சாத்திப்போட்டோ... சமைக்கிறவை?

கிரிஜா: வெங்காய மணம் இஞ்சை வரும் எண்டு மச்சாள்தான்...

பரமேஸ்வரன்: அதுதான்... உன்ரை கண் சிவந்து கிடக்கு.

கிரிஜா: ஓம். வெங்காயம்.

பரமேஸ்வரன்: நல்ல... வெங்காயம்.

கிரிஜா: சும்மா இருங்கோ. இந்தாங்கோ, உங்களுக்கு என்ன கொண்டந்தனான் எண்டு பாருங்கோ. கறுத்தப் பாண். எங்கடை பழைய வீட்டுக்குக் கீழை இருந்த அதே பேக்கரி.

பரமேஸ்வரன்: விசரி. நான்... தின்னேலாது.

கிரிஜா: தெரியும். கடையிலை நிக்கேக்கை மறந்துபோனன். காசைக் குடுத்து வெளியிலை வந்தாப்போலைதான் ஞாபகம் வந்தது.

பரமேஸ்வரன்: மூக்குக்கு... கிட்டப் பிடி.

கிரிஜா: இப்பிடியோ?

பரமேஸ்வரன்: ம்... ம். அதுதான். விடிய வேலைக்குப் போகேக்கை... படியாலை இறங்க... வாற மணம்.

கிரிஜா: பாலிலை ஊறப்போட்டுக் கரைச்சுத் தரவோ?

பரமேஸ்வரன்: வேண்டாம். மணம் காணும். நீங்கள் தின்னுங்கோ. என்ன... திரும்பவும் வெங்காயமோ?

கிரிஜா: இல்லை அண்ணை. ஒண்டும் இல்லை. ஏன் இந்தச் சுவரை இப்பிடிப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?

பரமேஸ்வரன்: வேறை என்னத்தைப் பாக்கிறது? தொழில்காரன்... சுவரைத்தான் பாப்பான். பூச்சு... சரியில்லை. நான் பூசினதில்லை.

கிரிஜா: நீங்கள் பூசினால் கண்ணாடி மாதிரியெல்லோ இருக்கும்.

பரமேஸ்வரன்: கடைசியாய்ச் செய்தது... ஹரோவிலை. ஒரு குஜராத்தி வீட்டு பாத்ரூம். டைல் ஒண்டு... கோணல்.

கிரிஜா: உங்கடை கையிலையோ?

பரமேஸ்வரன்: கை... அப்பவே துடங்கிட்டுது. நான் களைப்பு எண்டு நினைச்சன். அந்த மனிசிக்குத் தெரியாது. வடிவாயிருக்கு எண்டு சொல்லிக் காசு தந்தவ.

கிரிஜா: தெரியாட்டி விடுங்கோவன்.

பரமேஸ்வரன்: எனக்குத் தெரியுமே.

கிரிஜா: அண்ணை... நாளைக்குக் கிளினிக்...

பரமேஸ்வரன்: நீயும் வா.

கிரிஜா: வருவன். அதுக்கு முதல் உங்களோடை ஒரு கதை...

பரமேஸ்வரன்: கழுத்துப் பட்டி... இறுக்குது. கொஞ்சம் இளக்கு.

கிரிஜா: இந்தப் பக்கமோ? இப்ப சரியோ?

பரமேஸ்வரன்: ஓம். நீ... வன்னிச் சண்டை நேரம் டியூசல்டோர்பிலை றோட்டு மறிச்சனீயாம். மலர் சொன்னவ.

கிரிஜா: நான் மட்டுமே? ஆயிரக்கணக்கிலை சனம். பொலிசு என்ரை கையைப் பிடிச்சு இழுத்து ஓரமாய் இருத்தினவன். நீங்களும் பார்லிமெண்டுக்கு முன்னாலை போனனீங்கள்தானே.

பரமேஸ்வரன்: மூண்டு தரம். வீல்செயரிலை. அப்ப... கொடி பிடிக்கக் கை ஏலும். ஒரு பொலிசுக்காரன்... குடை பிடிச்சவன் எனக்கு.

கிரிஜா: மெய்யே?

பரமேஸ்வரன்: மழை. மலர் பின்னேர மருந்தைத் தர... தண்ணிப் போத்தலை அவன்தான் திறந்து குடுத்தவன். மற்ற ஆக்களை... இழுத்துக்கொண்டு போறாங்கள். எனக்கு... குடை.

கிரிஜா: அந்த மருந்து அண்ணை... அதைப் பற்றித்தான்...

பரமேஸ்வரன்: கிரி.

கிரிஜா: என்ன?

பரமேஸ்வரன்: மலர் இளைச்சுப்போனா. பாத்தியோ?

கிரிஜா: பாத்தனான்.

பரமேஸ்வரன்: கேயர் ஹோமிலை... ஒரு நிரைக் கிழடுகளுக்குத் தீத்திப்போட்டு வாறா. வந்து எனக்குத் தீத்திறா. தான்... நிண்டுகொண்டு சாப்பிடுறா. சட்டியிலை.

கிரிஜா: நான் நிக்கிற மட்டும் இருத்திச் சாப்பிட வைக்கிறன்.

பரமேஸ்வரன்: நீ போனாப் பிறகும்... போன் எடு. என்னோடை கதைக்க எண்டு எடுக்காதை. அவவோடை கதை.

கிரிஜா: சரி. இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நீங்கள் எடுக்கிற அந்தக் குளிசை இருக்கெல்லோ...

பரமேஸ்வரன்: தயிர் நல்லாயிருக்கு.

கிரிஜா: பகிடி விடாதேங்கோ அண்ணை.

பரமேஸ்வரன்: மெய்யாய். மலர் தோய்க்கிற தயிர். கடைத்தயிர் இல்லை.

கிரிஜா: நான் தயிரைப் பற்றிக் கேக்கேல்லை.

பரமேஸ்வரன்: நாளைக்கு... அவவுக்குப் பக்கத்திலை நில். எனக்கு அங்கை... கனபேர் இருப்பினம். டொக்டர், நேர்ஸ்... அவவுக்கு ஒராளும் இல்லை.

கிரிஜா: நிப்பன்.

பரமேஸ்வரன்: சத்தியமாய்?

கிரிஜா: சத்தியமாய் அண்ணை.

பரமேஸ்வரன்: அப்ப சரி. போ... மருந்து நேரம் தாண்டிப்போச்சு. மலரைக் கூப்பிடு.

*

தவமலர்: சொன்னீரோ?

கிரிஜா: இல்லை.

தவமலர்: இவ்வளவு நேரம் என்ன செய்தனீர்?

கிரிஜா: கதையைத் துடங்க விட்டால்தானே. மருந்து எண்டு வாயெடுத்தால் பட்டி இறுக்குது எண்டுறார். பேந்து துடங்கினால் தயிர் நல்லாயிருக்கு எண்டுறார். சின்னனிலையும் உப்பிடித்தான், ஐயா அடிக்க வரேக்கை வேறை கதை கதைச்சே தப்பிப்போயிடுவார்.

தவமலர்: ம். அப்ப நான்தான்.

கிரிஜா: மச்சாள், அந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் எண்டு போன் எடுத்துச் சொன்னால் என்ன? மனிசி நான் இருக்கிறன், ஒருத்தரும் தேவையில்லை எண்டு.

தவமலர்: சொல்லாமல் விட்டனான் எண்டு நினைக்கிறீரோ? அடுத்த நாளே எடுத்தனான். அது நோயாளியின்ரை உரிமையாம். குடும்பத்து ஆக்கள் வேண்டாம் எண்டு சொல்லி நிப்பாட்டேலாதாம்.

கிரிஜா: அப்ப சொல்லித்தான் ஆகவேணும். அண்ணை தாங்குவார் மச்சாள். அவருக்கு மனம் நல்ல பலம்.

தவமலர்: நீர் நினைக்கிற மாதிரி அது மட்டும் இல்லை.

கிரிஜா: இன்னும் என்ன?

தவமலர்: முதல் நாள். போன வருசம் கார்த்திகை. என்ன வருத்தம் எண்டு சொல்லிப்போட்டு, டொக்டர் இந்த மருந்தைப் பற்றிச் சொன்னவர். "இது மாத்தாது, ஆனால் சராசரியாய் மூண்டு மாசம் அளவிலை ஆயுளைக் கூட்டும்" எண்டு. சொல்லிப்போட்டு, "அவருக்குச் சொல்லுங்கோ" எண்டு என்ரை முகத்தைப் பாக்கிறார். இவரும் என்ரை முகத்தைத்தான் பாக்கிறார்.

கிரிஜா: நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

தவமலர்: மூண்டு வருசம் எண்டன்.

கிரிஜா: மச்சாள்...

தவமலர்: நினைச்சுச் சொல்லேல்லை கிரிஜா. மூண்டு எண்டு சொல்லி முடிச்சாச்சு. பிறகு மாசம் எண்ட சொல்லு வாயிலை வரேல்லை. வருசம் எண்டுதான் வந்தது.

கிரிஜா: அண்ணை என்ன சொன்னவர்?

தவமலர்: "மூண்டு வருசம் எண்டால் துஷ்யா படிச்சு முடிச்சிடுவாள்" எண்டு சொன்னவர். சிரிச்சவர். நான் அதை டொக்டருக்கு என்னெண்டு சொல்லுறது? "தாங்க்யூ சொல்லுறார்" எண்டு சொன்னனான்.

கிரிஜா: அப்ப இந்த ஒரு வருசமாய்...

தவமலர்: ஒவ்வொரு கிளினிக்கிலும் கொஞ்சம் கொஞ்சம். "மூச்சுக் குறையுது" எண்டு டொக்டர் சொன்னால், "மூச்சுப் பயிற்சி செய்யட்டாம்" எண்டுவன். "விழுங்கிறது இனிக் கஷ்டம்" எண்டால், "ஆறுதலாய்ச் சாப்பிடட்டாம்" எண்டுவன். இப்ப என்ன பொய் எந்த இடத்திலை சொன்னனான் எண்டே எனக்கு ஞாபகமில்லை. நாளைக்கு வாற பிள்ளை ஒரு வசனம் ஒழுங்காய்ச் சொன்னால் காணும். எல்லாம் ஒண்டாய் வந்து விழும்.

கிரிஜா: நீங்கள் ஒராளாய் இதைச் சுமந்துகொண்டு...

தவமலர்: என்னைப் பாவம் பாக்காதையும். நான் செய்தது பிழை. எனக்குத் தெரியும். நீரும் வாரும், நான் துடங்கிறன். நடுவிலை எனக்கு ஏலாமல் போனால் மிச்சத்தை நீர் சொல்லும்.

கிரிஜா: ஓம். வாங்கோ.

தவமலர்: அந்தக் கோப்பையை எடும். தயிர்.

கிரிஜா: விற்றமின் போட்டதோ?

தவமலர்: போட்டாச்சு. கை பழகிப்போச்சு.

*

பரமேஸ்வரன்: மலர்... இண்டைக்குப் பிந்திப்போச்சு.

தவமலர்: கதையிலை நேரம் போட்டுது. கிரிஜா, முதுகுக்குத் தலையணையை வையும்.

கிரிஜா: இப்பிடிக் காணுமோ அண்ணை?

பரமேஸ்வரன்: காணும். ஆ...

தவமலர்: வாயை மூடுங்கோ.

பரமேஸ்வரன்: ஏன்? தாறேல்லையோ?

தவமலர்: இல்லை. ஒண்டு சொல்லவேணும். நான் சொல்லி முடியும் மட்டும் குறுக்கை கதையாதேங்கோ.

பரமேஸ்வரன்: நான் ஒரு வசனம் கதைக்க... நீர் பத்து வசனம் சொல்லிப்போடுவீர். சொல்லும்.

தவமலர்: இது... இது அந்த மருந்து இல்லை.

பரமேஸ்வரன்: ம்.

தவமலர்: ஓகஸ்ட்டிலையே நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். ஈரல் தாங்காதாம். நான் உங்களுக்குச் சொல்லேல்லை. இவ்வளவு நாளும் தந்தது வெறும் விற்றமின். என்னை என்னவேணுமெண்டாலும் சொல்லுங்கோ. பேசுங்கோ.

பரமேஸ்வரன்: தயிரைத் தாரும். பசிக்குது.

தவமலர்: நான் சொல்லுறது விளங்குதோ உங்களுக்கு?

கிரிஜா: அண்ணை, மச்சாள் பகிடி விடேல்லை. கேளுங்கோ.

பரமேஸ்வரன்: தெரியும் கிரி.

தவமலர்: என்ன தெரியும்?

பரமேஸ்வரன்: தேர் முடிஞ்ச கிழமையிலையிருந்து... மருந்து இல்லை.

தவமலர்: ஆர் சொன்னது? துஷ்யாவோ? அவளுக்கே தெரியாது.

பரமேஸ்வரன்: நாக்கு.

தவமலர்: என்ன?

பரமேஸ்வரன்: அந்தக் குளிசையைப் பொடியாக்கித் தந்தால்... நாக்கு விறைக்கும். சொண்டும். பல்லுப் புடுங்க ஊசி போட்ட மாதிரி. ஒரு ருசியும் தெரியாது. நீர் தின்னேல்லைதானே... உமக்குத் தெரியாது.

தவமலர்: நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை.

பரமேஸ்வரன்: ஏன் சொல்லுவான்? நீர் இன்னும் கவலைப்படவோ? ஒருநாள்... விறைக்கேல்லை. தயிர் புளிச்சுது. முதல் நாள் எனக்குச் சந்தோசம். வருத்தம் மாறுது எண்டு... நினைச்சன்.

கிரிஜா: ஐயோ அண்ணை.

பரமேஸ்வரன்: அடுத்த நாள்... கை இன்னும் கீழை போச்சு. விளங்கிட்டுது.

தவமலர்: தெரிஞ்சுகொண்டும் ஏன் வாயைத் திறந்தனீங்கள்? ஒவ்வொரு நாளும், காலமையும் பின்னேரமும்... அந்த விற்றமின் பொடி. ஏன்?

பரமேஸ்வரன்: நீர் வந்து... இந்தக் கதிரையிலை இருப்பீர். கரண்டியோடை. மற்ற நேரம் எல்லாம் நீர்... ஓட்டம். குசினி, உடுப்பு, வேலை. அந்த ரெண்டு நேரம்தான்... இருப்பீர்.

தவமலர்: அதுக்காகவோ?

பரமேஸ்வரன்: அது காணாதோ?

கிரிஜா: மச்சாள், மற்றதையும் சொல்லிப்போடுங்கோ. இப்பவே.

தவமலர்: என்னாலை ஏலாது. நீர் சொல்லும்.

பரமேஸ்வரன்: மூண்டு மாசமோ?

தவமலர்: அது உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

பரமேஸ்வரன்: டொக்டர் மன்த் எண்டவர். ஜேர்மன்காரன்... மோனாட் எண்டுவான். பதினேழு வருசம் அங்கை வேலை செய்தனான். அது எனக்கு... விளங்காதோ?

தவமலர்: நீங்கள் சிரிச்சனீங்கள். துஷ்யா படிச்சு முடிச்சிடுவாள் எண்டனீங்கள்.

பரமேஸ்வரன்: நீர் சொன்ன விதம்... நல்லாயிருந்துது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலை. நானும்... சேந்து சொன்னன்.

தவமலர்: பாவி மனிசன். எல்லாம் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனீங்களே. நான் ஒராள் கிடந்து, இண்டைக்குச் சொல்லவோ நாளைக்குச் சொல்லவோ எண்டு... இந்தக் கிழமை ஒரு கண் நித்திரை கொண்டனானோ? உந்த மொழிபெயர்ப்பாளர் வாறா எண்டு கேட்ட நேரத்திலையிருந்து எனக்கு உயிரே இல்லை.

பரமேஸ்வரன்: கேட்டுது. பாத்ரூமிலை... தண்ணி ஓடுற சத்தம்.

தவமலர்: அவளைக் கூப்பிட எண்டு எந்த நேர்சுக்குத் தோன்றிச்சுதோ தெரியேல்லை. ஒரு வருசமாய் இல்லாத மொழிபெயர்ப்பாளர் இப்ப எதுக்கு?

பரமேஸ்வரன்: நேர்ஸ் இல்லை.

தவமலர்: பேந்து ஆர்?

பரமேஸ்வரன்: நான்தான். கை கால் பயிற்சிக்கு வீட்டுக்கு வாற பிசியோப் பிள்ளைக்கு... ஜேர்மன் தெரியும். நீர் வேலைக்குப் போன நேரம்... அவவிட்டைச் சொல்லிக் கேட்டனான். இனி டொக்டர் சொல்லப்போறது எல்லாம்... உம்மடை வாயாலை எனக்குச் சொல்ல... உமக்கு ஏலாது, மலர். முன்பின் தெரியாத ஒருத்தி... சொல்லிப்போட்டுப் போகட்டும். நீர் சும்மா... எனக்குப் பக்கத்திலை இரும்.